பஜ்ஜி மிளகாய் சாகுபடி: அரை ஏக்கரில் முதன்முறை இறங்குபவர்களுக்கு

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆனி மாதக் கடைசியில் எங்கள் 50 சென்ட் நிலத்தில் 4,500 பஜ்ஜி மிளகாய் நாற்றுகளை நட்டேன். செடிகள் நன்றாக வளர்ந்தன. புரட்டாசியில் முதல் பறிப்பும் குறை சொல்ல முடியாதபடி அமைந்தது. அந்தக் காய்களை வாங்கிச் சென்ற, மாலை நேரத்தில் பஜ்ஜிக் கடை போடுபவர் மறுநாள் காலையில் பாதிக் கூடையைத் திருப்பிக் கொண்டுவந்து, ஒரு காயை என்னிடம் நீட்டி, காம்போரமாகக் கடித்துப் பார்க்கச் சொன்னார். கண்ணில் நீர் வரும் அளவுக்குக் காரம். பக்கத்திலிருந்த காயில் காரமே இல்லை. வாங்கிய நாற்றில் இரண்டு மூன்று ரகங்கள் கலந்திருந்தன என்பதும், முறையான ரசீது கையில் இல்லாததால் யாரிடமும் முறையிட முடியாது என்பதும் அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஆண்டு மொத்தக் காயையும் சாதாரணப் பச்சை மிளகாய் விலைக்குத் தள்ளிவிட நேர்ந்தது.

காரம் குறைந்த மிளகாயை ஒருவர் விலை கொடுத்து வாங்குவது அதில் காரம் குறைவு என்பதற்காக மட்டுமே. அந்த ஒரு குணம் தவறினால் காயின் நீளமும் நிறமும் பளபளப்பும் எந்தப் பயனும் தருவதில்லை. அந்தக் குணத்தை விதை வாங்கும் நாளிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். நட்ட பிறகு எந்த உரத்தாலும் மருந்தாலும் அதை மாற்ற முடியாது. ஆகவே விதை, ரசீது, ஆவணங்கள் ஆகியவற்றுக்கு இந்தக் கட்டுரையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. எந்த மிளகாய் என்பதில் தெளிவு வேண்டும்

பஜ்ஜி மிளகாய் என்ற பெயரில் விற்கப்படும் எல்லாம் ஒரே ரகம் அல்ல. இளம்பச்சை அல்லது மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், விரலைவிடத் தடிமனாக, 10 முதல் 15 செ.மீ. வரை நீண்டு, நுனி நோக்கிக் கூம்பி, செடியில் தலைகீழாகத் தொங்கும் காயையே நம் ஊர்க் கடைகள் கேட்கின்றன. குடைமிளகாய் வேறு. வற்றலுக்குப் போகும் சம்பா, குண்டு மிளகாய்கள் வேறு. கர்நாடகத்து பியாடகி மிளகாயும் காரம் குறைந்ததுதான், ஆனால் அது நிறத்துக்காக வற்றலாக விற்கப்படுவது, பஜ்ஜிக்கு உதவாது. விதைக்கடையில் "காரம் குறைந்த மிளகாய்" என்று மட்டும் கேட்டால் இவற்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். "பச்சையாக விற்பதற்கான பஜ்ஜி ரகம்" என்று சொல்லிக் கேளுங்கள்.

மிளகாயின் காரம் விதையில் இருப்பதாகப் பலரும் எண்ணுகிறோம். உண்மையில் காம்புக்குக் கீழே விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நிறத் தண்டிலும் அதிலிருந்து ஓடும் நரம்புகளிலுமே காரப்பொருள் உருவாகிறது. அதைத் தொட்டுக்கொண்டிருப்பதால்தான் விதையும் காரமாகத் தெரிகிறது. எந்த மிளகாயிலும் நுனிப் பகுதியில் காரம் குறைவாகவே இருக்கும். ஆகவே ஒரு காயைச் சோதிக்கும்போது நுனியைக் கடித்துப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. காம்புக்கு ஒரு விரல் கீழே குறுக்காக வெட்டி, அந்த வெள்ளை நரம்பை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2. காலக் கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள்

மிளகாயை நம் மாநிலத்தில் தை-மாசி, ஆனி-ஆடி, புரட்டாசி ஆகிய பட்டங்களில் நடுகிறார்கள். பஜ்ஜி மிளகாய்க்கு ஆனிக் கடைசியும் ஆடித் தொடக்கமும் பொருத்தம் என்பது என் அனுபவம். மழைக்காலத்தில், அதாவது அக்டோபர், நவம்பர் மாதங்களில், மாலைக் கடைகளில் பஜ்ஜி அதிகம் ஓடுகிறது. அந்த நேரத்தில் காய் உச்சத்தில் இருக்க வேண்டுமானால் கணக்கு இப்படி வரும்: மே கடைசியில் குழித்தட்டில் விதைப்பு, 35 முதல் 40 நாள் நாற்றாக ஜூலை முதல் வாரத்தில் நடவு, நட்ட 60 நாள் அளவில் செப்டம்பர் தொடக்கத்தில் முதல் பறிப்பு, அதிலிருந்து வாரம் ஒரு முறையாக டிசம்பர் கடைசி வரை பறிப்பு.

தைப்பட்டத்தில் நட்டால் பூக்கும் காலம் பங்குனி, சித்திரை வெயிலில் விழும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாள்களில் பூக்கள் காம்போடு உதிரும்; தண்ணீர் வாட்டமும் சேர்ந்துகொண்டால், காரம் குறைந்த ரகத்திலும்கூடக் காரம் சற்று ஏறிவிடும். முதன்முறை பயிரிடுபவர் அந்தப் பட்டத்தைத் தவிர்ப்பது நல்லது.

இந்தக் கணக்கில் பலரும் விட்டுவிடுவது ஆவணங்களுக்கான நாள்கள். ஜூலையில் நட வேண்டுமானால் பிப்ரவரியிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

3. ஆவணங்கள்

சொட்டுநீர் இல்லாமல் இந்தப் பயிரைச் செய்ய முடியும் என்றாலும், வாய்க்கால் பாசனத்தில் ஒரு நாள் வெள்ளமும் ஐந்து நாள் வறட்சியுமாக மாறி மாறி வருவதைப் பஜ்ஜி மிளகாய் தாங்குவதில்லை. தமிழ்நாட்டில் ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் அமைக்க 100 சதவீத மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீத மானியமும் உண்டு. காய்கறிப் பயிர் என்பதால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுக வேண்டும். நான் கொண்டுசென்ற ஆவணங்கள் இவை: சிட்டா (நில உரிமை விவரம்), அந்த ஆண்டுக்கான அடங்கல் (நிலத்தில் உள்ள பயிரின் பதிவு), புல வரைபடம், ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், சிறு குறு விவசாயி சான்று, மண் மற்றும் நீர்ப் பரிசோதனை அறிக்கை, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டு.

சிட்டாவையும் புல வரைபடத்தையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலிருந்து நாமே இறக்கிக்கொள்ளலாம். அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க வேண்டும். சிறு குறு விவசாயி சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு 60 ரூபாய் செலவானது, சான்று கைக்கு வர மூன்று வாரம் ஆனது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என மூன்று மேசைகளைக் கடந்து வருவதால் அந்த நாள்களைக் குறைக்க வழியில்லை.

இந்தக் கட்டத்தில் நான்கு இடங்களில் சறுக்கல் நேர்கிறது.

முதலாவது, கூட்டுப் பட்டா. எங்கள் பட்டாவில் என் பெரியப்பாவின் பெயரும் இருந்தது. அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியும் வாரிசுகளின் பெயர் ஏறவில்லை. அந்த ஒரு காரணத்தால் விண்ணப்பம் இரண்டு மாதம் நகரவில்லை. உங்கள் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கும் வேலை இருந்தால் அதற்கென்று தனியாக மாதங்களை ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, பெயர் எழுத்துகள். ஆதாரில் ஒரு மாதிரியும் சிட்டாவில் வேறு மாதிரியும் வங்கியில் இன்னொரு மாதிரியும் பெயர் இருந்தால் இணையப் பதிவின்போது சிக்கிக்கொள்ளும். தந்தை பெயரின் முதலெழுத்து மாறியிருப்பதுதான் பெரும்பாலும் நடப்பது.

மூன்றாவது, அவசரப்பட்டுக் குழாய் வாங்குவது. பணி ஆணை வருவதற்கு முன்பே கடையில் குழாய் வாங்கிப் பதித்துவிட்டு, பிறகு ரசீதைக் கொண்டுபோனால் மானியம் கிடைக்காது. துறையில் பதிவு பெற்ற நிறுவனம் நிலத்தை அளந்து, திட்ட வரைவு போட்டு, ஆணை வந்த பிறகே பணி தொடங்க வேண்டும்.

நான்காவது, குத்தகை நிலம். வாய்மொழிக் குத்தகையை ஏற்க மாட்டார்கள். பதிவு செய்த ஒப்பந்தம் கேட்பார்கள்.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதில் அலட்சியம் வேண்டாம். வரப்போரம், எருக்குழி, மரநிழல் ஆகிய இடங்களை விட்டுவிட்டு, நிலத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' வடிவத்தில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, குழியின் இருபக்கச் சுவரிலிருந்தும் மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கி, கடைசியில் அரை கிலோவை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கொண்டுபோக வேண்டும். மண்ணுக்கும் நீருக்கும் தலா 30 ரூபாய் கட்டினேன். மண்ணின் அமில காரத் தன்மை 6.5 முதல் 7.5 வரை இருந்தால் கவலையில்லை.

4. விதையும் நாற்றும்

பஜ்ஜி மிளகாயில் இன்று கிடைப்பவை பெரும்பாலும் எஃப்1 எனப்படும், இரண்டு வகைகளைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை வீரிய ஒட்டு விதைகள். ஏக்கருக்கு 80 முதல் 100 கிராம் தேவைப்படும். அரை ஏக்கருக்கு 50 கிராம் போதும். விதையாக வாங்கிக் குழித்தட்டில் நாமே வளர்ப்பது ஒரு வழி. நாற்றுப் பண்ணையில் வளர்த்துத் தரச் சொல்வது இன்னொரு வழி. வளர்ந்து நிற்கும் நாற்றைப் போய்ப் பார்த்து வாங்குவது மூன்றாவது வழி. நான் முதல் ஆண்டு செய்தது மூன்றாவது. அதைச் செய்யாதீர்கள். பூத்துக் காய்க்கும் வரை ஒரு மிளகாய் நாற்றைப் பார்த்து அது எந்த ரகம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இப்போது நான் செய்வது இரண்டாவது வழி. விதைக்கடையில் நானே பாக்கெட்டை வாங்கி, நாற்றுப் பண்ணையில் ஒப்படைத்து, என் கண்ணெதிரே பிரித்து விதைக்கச் சொல்கிறேன். 98 குழிகள் கொண்ட தட்டில், மக்கிய தென்னை நார்க்கழிவில் ஒரு குழிக்கு ஒரு விதை. தட்டுகளில் என் பெயரும் தேதியும் எழுதிய சீட்டைச் செருகிவிட்டு வருகிறேன். 20 நாள் கழித்து ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். வளர்ப்புக் கூலி கொடுத்தாலும் ஒரு நாற்று ஒன்றரை ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது.

பாக்கெட்டை வாங்கும்போது பார்க்க வேண்டியவை: ரகத்தின் பெயர், குவியல் எண் (லாட் எண்), பரிசோதனை செய்த நாள், காலாவதி நாள், முளைப்புத் திறன். மிளகாய்க்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 60 சதவீதம் என்பது விதைச் சட்டத்தின்படியான அளவு. அதற்குக் கீழே அச்சிட்டிருந்தால் வாங்கக் கூடாது. ரசீதில் ரகத்தின் பெயரையும் குவியல் எண்ணையும் கடைக்காரர் எழுதியே தர வேண்டும். "மிளகாய் விதை, 5 பாக்கெட்" என்று மட்டும் எழுதித் தந்தால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். காலிப் பாக்கெட்டுகளை எறியாமல், ரசீதோடு சேர்த்துக் கடைசிப் பறிப்பு முடியும் வரை வைத்திருங்கள்.

நாற்றுப் பண்ணையும் நாற்று விற்க விதை விற்பனை உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிமத்தைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். இல்லையென்றால் கேளுங்கள். ரகக் கலப்போ முளைப்புக் குறைவோ ஏற்பட்டால் மாவட்ட விதை ஆய்வு அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். விதை ஆய்வாளர் வயலுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பதால் செடிகளைப் பிடுங்குவதற்கு முன்பே புகார் போய்ச் சேர வேண்டும். இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். எல்லாவற்றுக்கும் ரசீதும் பாக்கெட்டும் அடிப்படை. என்னிடம் இருந்ததோ, துண்டுக் காகிதத்தில் "4500 நாற்று" என்று பேனாவால் எழுதிய கணக்கு மட்டும்.

சென்ற ஆண்டுப் பயிரிலிருந்து விதை எடுத்துச் செலவை மிச்சப்படுத்தலாமே என்று தோன்றும். எஃப்1 செடியின் விதையிலிருந்து வரும் செடிகள் ஒன்றுபோல இருப்பதில்லை. காரமும் நீளமும் செடிக்குச் செடி மாறும். அதோடு மிளகாய்ப் பூவில் தேனீக்கள் மூலம் அயல் மகரந்தமும் சேர்கிறது. பக்கத்து வயலில் காரமான மிளகாய் இருந்தால் நம் காயிலும் காரம் ஏறிவிடும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அது சரியல்ல. காயின் சதையும் நரம்பும் தாய்ச்செடியைச் சேர்ந்தவை. இந்த ஆண்டுக் காய் மாறாது. அந்தக் காயின் விதையை எடுத்து அடுத்த ஆண்டு விதைத்தால்தான் கலப்பு வெளியே தெரியும்.

விதையின் மேல் சிவப்பு அல்லது நீல நிறப் பூச்சு இருந்தால் அது ஏற்கெனவே பூசணக்கொல்லி நேர்த்தி செய்யப்பட்டது. பூச்சு இல்லாத விதையானால், டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கிலோவுக்கு 4 கிராம் கணக்கில் கலந்து விதையுங்கள். நாற்று சாய்ந்து விழும் நாற்றழுகல் நோய்க்கு இது தடுப்பு.

5. நிலத்தைத் தயார் செய்தல்

தக்காளி, கத்தரி, உருளை, மிளகாய் ஆகியவை ஒரே குடும்பம். முந்தைய பருவத்தில் இவற்றில் ஒன்று இருந்த நிலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மக்காச்சோளமோ பயறு வகையோ இருந்த நிலம் நல்லது. மூன்று உழவு ஓட்டி, அரை ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரமும் 100 கிலோ வேப்பம்புண்ணாக்கும் இட்டு மேட்டுப்பாத்தி அமைக்க வேண்டும். மக்காத சாணத்தைக் கொட்டினால் வேர்ப்புழுவும் கரையானும் கூடவே வரும்.

பாத்தியின் நடுவிலிருந்து அடுத்த பாத்தியின் நடுவுக்கு ஐந்தடி. ஒரு பாத்தியில் இரண்டு வரிசை. வரிசைகளுக்கு இடையே இரண்டடி, செடிக்குச் செடி இரண்டடி. இந்தக் கணக்கில் அரை ஏக்கருக்குச் சுமார் 4,500 செடிகள் வரும். சொட்டுநீரின் பக்கவாட்டுக் குழாய் சுமார் 1,350 மீட்டர் ஓடும். பாத்தியை மூடும் பிளாஸ்டிக் தாளான நிலப்போர்வையில் 400 மீட்டர் சுருள் நான்கு தேவைப்படும். கறுப்பும் வெள்ளியும் கொண்ட போர்வையை வெள்ளிப் பக்கம் மேலே தெரியும்படி விரிக்க வேண்டும். அதிலிருந்து தெறிக்கும் வெளிச்சம், சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான இலைப்பேன் வந்து அமர்வதைக் குறைக்கிறது. எங்கள் தோட்டத்தில் கூலியாட்கள் பழக்கத்தில் கறுப்பு மேலே விரித்துவிட்டு, இரண்டு பாத்தி முடிந்த பிறகு கவனித்து மாற்றினோம். விரிக்கும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

நடவுக்கு இரண்டு வாரம் முன்பே பறந்து வரும் பூச்சிகளுக்குத் தடுப்பு வேலியாக, நிலத்தைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் அல்லது சோளம் நெருக்கமாக விதைத்துவிடுங்கள்.

6. நடவு, நீர், உரம்

மாலை நான்கு மணிக்குப் பிறகு நடுங்கள். குழித்தட்டில் இருந்த அதே ஆழத்துக்குத்தான் நட வேண்டும். பத்து நாளுக்குள் செத்துப்போன இடங்களை நிரப்புவதற்காக இரண்டு தட்டு நாற்றைக் கூடுதலாக வைத்திருங்கள்.

நீர் விஷயத்தில் ஒரே விதிதான்: சிறிது சிறிதாக, தவறாமல். மண்ணைப் பிடித்தால் உருண்டை பிடிக்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. ஒரு வாரம் வாடவிட்டுப் பிறகு நிறையப் பாய்ச்சினால் பெரிய காய்களின் நுனியில் நீர் கோத்ததுபோலத் தொடங்கி, பழுப்பாகிக் கறுக்கும். அது நோயல்ல, நீர் ஒழுங்காகக் கிடைக்காததால் காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராத குறை. மருந்துக் கடையில் காட்டினால் பூசணக்கொல்லி விற்றுவிடுவார்கள்.

உர அளவை மண் பரிசோதனை அறிக்கையில் உள்ளபடி வைத்துக்கொள்ளுங்கள். மணிச்சத்து அடியுரமாகவும், தழைச்சத்தும் சாம்பல்சத்தும் நீரோடு பிரித்தும் போக வேண்டும். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் செடி கரும்பச்சையாக நிற்கும், பூ குறையும், பூச்சி கூடும்.

நட்ட 30 நாளில் தாங்குகுச்சி நட்டுச் சணல் கயிறு இழுத்துவிடுங்கள். பஜ்ஜி மிளகாயின் கிளை கவட்டில் எளிதாகப் பிளக்கும். முழுக் காய்ப்போடு நிற்கும் செடி ஒரு பலத்த மழையில் இரண்டாகக் கிழிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

7. இலை சுருண்டால் முதலில் திசையைப் பாருங்கள்

மிளகாயில் இலை சுருள்வதை எல்லோரும் "சுருட்டை" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று வெவ்வேறு தொல்லைகள் இருக்கின்றன, மூன்றுக்கும் செய்ய வேண்டியவை வேறு. இலையின் ஓரங்கள் படகுபோல மேல்நோக்கி மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பு எலிவால்போல நீண்டால் சிலந்திப்பேன். இலைகள் சிறுத்து, நரம்பு தடித்து, செடியே குட்டையாகிக் கொத்தாக நின்றால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். சிலந்திப்பேன் பூச்சி இனம் அல்ல. இலைப்பேனுக்கான மருந்தைப் பலமுறை அடித்தும் அது குறையாமல் பணம் மட்டும் கரைவது இதனால்தான். வைரஸ் தாக்கிய செடியைக் குணப்படுத்த மருந்தே இல்லை. பார்த்த அன்றே பிடுங்கி, சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோய் எரிப்பதுதான் வழி.

காலை ஏழு மணிக்கு வரிசைக்கு ஐந்து செடி வீதம் பூவைத் தட்டிப் பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளைப் பூவுக்குக் கீழே பிடித்து விரலால் இரண்டு தட்டு தட்டினால், ஊசிமுனை அளவில் நீளவாக்கில் ஊர்பவை தாளில் தெரியும். 2021-22 பருவத்தில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மிளகாயைப் பெருமளவில் அழித்த கருப்பு இலைப்பேன் பூவுக்குள்தான் கூட்டமாக ஒளிந்திருக்கும். அது தென்பட்டால் தாமதிக்காமல் தோட்டக்கலை அலுவலரையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேட்டுச் செய்யுங்கள்.

இலைப்பேனுக்கு நீல நிற ஒட்டுப்பொறியும் வெள்ளை ஈக்கு மஞ்சள் நிற ஒட்டுப்பொறியும் செடியின் உயரத்துக்குச் சற்று மேலே கட்ட வேண்டும். 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு, அதாவது 5 கிலோ கொட்டையை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி 100 லிட்டராக்கியது, பத்து நாளுக்கு ஒருமுறை மாலையில் தெளிப்பது தொடக்கத்தில் பெரும்பாலும் போதுமானதாக இருக்கும்.

இரசாயன மருந்து தேவைப்பட்டால் மிளகாய்க்கென்று பரிந்துரைக்கப்பட்டதை மட்டும் வாங்கி, பறிப்புக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று புட்டியின் ஒட்டுத்தாளில் இருப்பதைப் படியுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வாரம் ஒருமுறை பறிக்கும் காய் இது. பஜ்ஜிக்குத் தோல் உரிக்காமல் அப்படியே போகிறது. காத்திருக்க வேண்டிய நாள்கள் ஒரு வாரத்துக்குள் இருந்தாலும், பறித்து முடித்த அன்று மாலை தெளித்தால்தான் அடுத்த பறிப்புக்குள் அவை கழியும்.

மழை பிடித்த பிறகு பழ அழுகல் வரும். காயில் வட்டமாகக் குழி விழுந்து, அதற்குள் கரும்புள்ளிகள் வளையம் வளையமாகத் தெரியும். அழுகிய காயைப் பாத்தியிலேயே பறித்து வீசுவது மிகத் தவறான பழக்கம். ஒரு வாளியில் சேர்த்து வெளியேற்றுங்கள்.

8. பறிப்பும் விற்பனையும்

காய் முழு நீளம் வந்து, தோல் பளபளத்து, விரலால் அழுத்தினால் விறைப்பாக இருக்கும்போது பறிக்க வேண்டும். ஒன்றை எடுத்து வளைத்தால் "படக்" என்று ஒடிய வேண்டும். ரப்பர்போல வளைந்தால் முற்றவில்லை அல்லது வாடிவிட்டது. காம்போடு பறிப்பது கட்டாயம். பஜ்ஜி போடுகிறவர் காம்பைப் பிடித்துத்தான் மாவில் தோய்த்து எடுக்கிறார். காம்பற்ற காயை அவர் ஒதுக்கிவிடுவார். அது ஒரே நாளில் கசியவும் தொடங்கும். காம்பைக் கிளையிலிருந்து மேல்நோக்கித் திருகி எடுக்க வேண்டும். கீழே இழுத்தால் கிளை பிளக்கும்.

சாக்கில் கட்டினால் அடியில் உள்ள காய்கள் நசுங்கி வியர்க்கும். பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்குங்கள். நேரான நீளக் காய் ஒரு தரம், வளைந்தது, குட்டை எல்லாம் இன்னொரு தரம் என்று தோட்டத்திலேயே பிரித்துவிட்டால் மண்டியில் விலை பேச முடியும். கலந்து கொண்டுபோனால் முழுச் சரக்கும் இரண்டாம் தர விலைக்கே போகும்.

மண்டியில் நூற்றுக்குப் பத்து கமிஷன், ஏற்றிறக்கு கூலி தனி. உழவர் சந்தையில் கடைக்கு வாடகை இல்லை, தராசும் அவர்களே தருகிறார்கள். அதற்கு அடையாள அட்டை வேண்டும்: சிட்டா, அடங்கல், ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம் கொடுத்தால் அலுவலர் வயலுக்கு வந்து பயிரைப் பார்த்துவிட்டு அட்டை வழங்குவார். காய்ப்பு தொடங்கும் முன்பே விண்ணப்பியுங்கள்; எனக்கு ஒரு மாதம் ஆனது. அங்கே அதிகம் விற்பது வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு என்பதால் ஒரு நாளில் 30, 40 கிலோவுக்கு மேல் போகாது. எனவே மாலைக் கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேரை நேரில் பார்த்து வாரத் தேவையைக் கேட்டு வைத்துக்கொண்டேன். அவர்கள் மண்டி விலையைவிடக் கிலோவுக்கு நான்கைந்து ரூபாய் கூட்டித் தருகிறார்கள். ஆனால் ஒருமுறை காரமான காய் போனால் அத்தோடு அந்தக் கடை முடிந்தது.

9. என் இரண்டாம் ஆண்டுக் கணக்கு

உழவும் பாத்தியும் 7,500 ரூபாய், தொழுவுரம் 10,000, வேப்பம்புண்ணாக்கு 3,000, விதையும் நாற்று வளர்ப்பும் 7,000, நிலப்போர்வை 8,800, உரம் 9,000, மருந்தும் பொறியும் 11,000, குச்சியும் கயிறும் 6,000, நடவு, களைக் கூலி 8,000. பறிப்புக்கு முன் மொத்தம் 70,300 ரூபாய். பறிப்பு 16 முறை, ஒவ்வொரு முறையும் நான்கு பெண்களுக்கு 350 வீதம் 22,400. வண்டி வாடகை 9,000 வரை. ஆக ஒரு லட்சத்து ஆயிரத்து எழுநூறு. விளைச்சல் நான்கரை டன், விலை கிலோ 14 ரூபாய்க்கும் போனது, 48 ரூபாய்க்கும் போனது. வரவு சுமார் ஒரு லட்சத்துப் பதினேழாயிரம். சொட்டுநீருக்கு என் கையிலிருந்து செலவில்லை என்பதையும் என் உழைப்புக்குக் கூலி சேர்க்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கூலியும் வாடகையும் உங்கள் ஊரில் வேறாக இருக்கலாம். விலை 14 ரூபாய்க்கு இறங்கிய வாரங்களில் இரண்டாம் தரக் காயை விற்காமல் வேறு வழியில் பயன்படுத்தியதால்தான் நான் நிலைத்தேன்.

10. காயைப் பயன்படுத்தும் விதம்

பஜ்ஜிக்குக் காம்பைக் கிள்ளாமல், ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் கீறி, சிறு கரண்டியின் காம்பால் வெள்ளை நரம்பையும் விதையையும் வழித்து எடுங்கள். கெட்டிப் புளிக்கரைசலில் உப்பும் நுணுக்கிய ஓமமும் குழைத்து உள்ளே மெல்லத் தடவி, பத்து நிமிடம் வைத்துவிடுங்கள். ஒரு கப் கடலை மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு, உப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம், ஒரு சிட்டிகை சமையல் சோடா. காயின் மேல் ஈரம் இருந்தால் மாவு வழுகி எண்ணெயில் கழன்றுவிடும். துணியால் துடைத்துவிட்டுத் தோய்க்க வேண்டும்.

மோர் மிளகாய்க்குச் சதை மெல்லிய, வளைந்த, குட்டையான காய்களே பொருத்தம். தடித்த காய் உள்ளே காய்வதற்குள் பூசணம் பிடிக்கும். ஒரு கிலோ காயைக் கழுவித் துடைத்து, காம்பு இருக்க, ஊசியால் நாலைந்து இடங்களில் குத்தி, 120 கிராம் கல்லுப்பு கரைத்த ஒன்றரை லிட்டர் புளித்த கெட்டி மோரில் இரண்டு இரவு ஊறவிடுங்கள். மூன்றாம் நாள் காலையில் எடுத்துப் பாயில் பரப்பி, மாலையில் மீண்டும் அதே மோரில் போட வேண்டும். மோர் முழுதும் இழுபடும் வரை இப்படித் தொடர்ந்து, பிறகு நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காயவிட்டால், கையில் அள்ளிக் குலுக்கும்போது கலகலவென்று சத்தம் வரும். அக்டோபர், நவம்பர் மழையில் இதைத் தொடங்கக் கூடாது. செப்டம்பர்க் காயில் ஒருமுறையும், டிசம்பர்க் கடைசிப் பறிப்பில் வரும் சிறு காய்களை மழை ஓய்ந்த வெயிலில் ஒருமுறையும் போடுகிறோம்.

வீட்டுக்கு மேல் மிஞ்சியதை விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு தேவை. சிறு உற்பத்தியாளருக்கான அடிப்படைப் பதிவுக்கு இணையம் வழியே, புகைப்படமும் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து விண்ணப்பித்தேன். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாயாக இருந்தது. பதிவு எண், சேர்மானங்கள், எடை, தயாரித்த நாள், எதுவரை பயன்படுத்தலாம், முகவரி ஆகியவற்றைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும். பதிவு எண் கைக்கு வரும் முன்பே ஆயிரம் உறைகளை அச்சடித்து வைத்து, அவ்வளவின் மேலும் கையால் எண் எழுதினோம். நீங்கள் எண் வந்த பிறகு அச்சகத்துக்குப் போங்கள்.